நீலி, செல்கி, சூரர மகளிர்: ஃபேன்டசித் தொடரை யார் தாங்குவார்கள்?

பழங்கதையிலிருந்து ஓர் உருவத்தை எடுத்துத் தொடர் எழுத நினைப்பவர்கள் பெரும்பாலும் தோற்றத்தில்தான் மயங்குகிறார்கள். விரித்த கூந்தல், பச்சைக் கண், சிறகு. தோற்றம் இருபது பக்கத்தில் வாசகருக்குப் பழகிவிடும். மூன்று பாகம், ஐந்து பாகம் என்று போகிற கதையைத் தாங்குவது வேறு மூன்று விஷயங்கள்: அந்த உருவத்தை எது கட்டிப்போடுகிறது, கட்டை அவிழ்க்கும் உரிமை யாருக்கு, அவிழ்த்த பிறகு கடனை யார் கட்டுவது. வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில் சீல் (கடல்நாய்) தோலைக் கழற்றி மனிதராகும் செல்கி, பழிவாங்கும் பேயான பழையனூர் நீலி, திருமுருகாற்றுப்படையில் மலைச்சோலையில் ஆடும் தெய்வப் பெண்களான சூரர மகளிர் என்று ஒன்றுக்கொன்று தூரமான மூன்றை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். ஒற்றை நாவல் என்றால் செல்கி போதும். நீண்ட தொடருக்கு நீலிக்கு ஈடில்லை.

அதற்கு முன் ஒரு சொல் சிக்கல். ஐரோப்பியக் கதைகளின் ‘ஃபேரி’யைத் ‘தேவதை’ என்று தமிழில் எழுதினால் பாதிக் கதை அங்கேயே போய்விடும். நமக்குத் தேவதை என்றால் ஒன்று வெள்ளைச் சிறகு, இல்லையென்றால் ஊர் எல்லையில் பொங்கல் வாங்குகிறவள். ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் கிராமக் கதைகளின் ஃபேரிகளுக்குச் சிறகே கிடையாது. அது பிற்கால ஓவியமும் மேடையும் ஒட்டவைத்தது. பிள்ளையை மாற்றிவைப்பது, பாலைக் கெடுப்பது, இரும்புக்கு அஞ்சுவது என்று அவர்களுடைய குணம் நம்மூர்ப் பேய்க்கதைகளுக்குத்தான் நெருக்கம். எனவே பொதுப்பெயரைத் தவிர்த்துச் செல்கி, பன்ஷி (சாவை முன்னறிவித்து அழும் அயர்லாந்துப் பெண் உருவம்) என்று இனப்பெயரையே எழுதுவது நல்லது.

செல்கி

ஓர்க்னி, ஷெட்லாந்து, ஐஸ்லாந்து, ஃபாரோ தீவுகள் எங்கும் இந்தக் கதை உண்டு. ஃபாரோவின் கால்சோய் தீவிலுள்ள மிக்லாதாலூர் ஊர்க்கதைதான் எடுத்தாள மிகவும் வசதியானது. மூன்று ராஜாக்கள் திருநாளை (ஜனவரி 6) ஒட்டிய இரவில் சீல்கள் கரையேறித் தோலைக் கழற்றிவிட்டு மனிதராக ஆடுகின்றன. ஓர் இளைஞன் ஒருத்தியின் தோலைத் திருடிப் பெட்டியில் பூட்டி, சாவியை இடுப்பில் கட்டிக்கொள்கிறான். அவள் அவனுக்கு மனைவியாகிறாள், பிள்ளைகள் பிறக்கின்றன. ஒருநாள் மீன்பிடிக்கப் போகும்போது சாவியை வீட்டில் மறந்துவிடுகிறான். அவ்வளவுதான்.

தோல், பெட்டி, சாவி. இவ்வளவு சுத்தமான கட்டு வேறு எந்தக் கதையிலும் கிடைப்பது கஷ்டம். பலவீனமும் அதுவேதான். தோல் கிடைத்ததும் கதை முடிகிறது. இரண்டாம் பாகம் தேவைப்படும்போது இன்னொரு தோல், இன்னொரு திருடன் என்று எழுதினால் முதல் பாகத்தின் இழப்புக்கும் விலை இல்லாமல் போகும்.

பலர் விட்டுவிடும் பின்பாதியில்தான் தொடருக்கான சரக்கு இருக்கிறது. ஊரார் சீல் வேட்டைக்குக் கிளம்பும் முந்தின இரவில் அவள் அவன் கனவில் வந்து, குகை வாயிலில் கிடக்கும் ஆண் சீல் என் கணவன், உள்ளே இருக்கும் இரண்டு குட்டிகள் என் பிள்ளைகள், கொல்லாதே என்கிறாள். அவன் கேட்கவில்லை. அவள் இடும் சாபத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது: இறந்தவர்கள் கைகோத்து நின்றால் கால்சோயைச் சுற்றி வளைக்கும் அளவுக்கு ஊர் ஆண்கள் கடலில் மூழ்கியும் பாறையிலிருந்து விழுந்தும் சாக வேண்டும். தீவின் நீளம் சுமார் 18 கிலோமீட்டர். இரு கரையையும் சேர்த்தால் குறைந்தது 36. ஆளுக்கு ஒன்றரை மீட்டர் என்றாலும் 24,000 பேர் வேண்டும். அந்தச் சின்னத் தீவில் அத்தனை பேர் ஏது? தீரவே முடியாத கடன் அது.

இதைத் தொடராக்குகிறவர் சாபத்தின் எண்ணிக்கையைத் தன் ஊரின் மக்கள்தொகையோடு பொருத்தி முதலிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும். 400 பேர் உள்ள ஊரில் பாகத்துக்கு மூன்று சாவு என்றால் ஒவ்வொரு சாவும் உறைக்கும். முப்பது என்றால் மூன்றாம் பாகத்தில் படகு தள்ள ஆள் இருக்காது.

நீலி

‘நீலிக் கண்ணீர்’ என்று சொல்லாத வீடில்லை, ஆனால் கதையின் பொறி பலருக்கு நினைவில்லை. முற்பிறவியில் மனைவியைக் கொன்றவன் இப்பிறவியில் வணிகன்; கொல்லப்பட்ட மனைவிதான் பேயாக வரும் நீலி. அவன் கையில் மந்திரக் கத்தி இருக்கும்வரை அவளால் அவனைத் தொட முடியாது. ஆகவே கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் ஏந்தி, பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன்னால் போய் நின்று, இவர் என்னை விட்டு ஓடிவந்த கணவர் என்று அழுகிறாள். பிள்ளை அவனை அப்பா என்கிறது. கத்தியை வைத்துவிட்டு அவளோடு போ, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று சபை சொல்கிறது. விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். “வஞ்சப்படுத்து ஒருத்தி வாணாள் கொள்ளும் வகை கேட்டு அஞ்சும் பழையனூர்” என்ற சம்பந்தர் வரியை இந்தக் கதையோடுதான் சேர்த்துச் சொல்வார்கள்.

செல்கியின் கட்டு பூட்டில் இருக்கிறது, நீலியின் கட்டு பகையாளி கையில். அதை அவிழ்க்க அவளுக்கு மந்திரம் கிடையாது. ஒரு சபை நம்பியாக வேண்டும். அவளுடைய ஆயுதம் வாதம். கடனும் கொன்றவளோடு நிற்காமல் வாக்குக் கொடுத்தவர்கள் தலையில் ஏறுகிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் புதிய சபை, புதிய பிணை என்று இதை நீட்ட முடியும். அவளுடைய சக்தியைக் கூட்ட வேண்டிய அவசியமே வராது.

இதைச் செய்துகாட்டிய கவிஞர் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியை எழுதிய பெயர் தெரியாத சமணர், உயிர்ப்பலியை நிறுத்திய முனிச்சந்திரரை விரட்ட இதே பழையனூர் நீலியை அனுப்பி, அவள் அவரிடமே சமணம் ஏற்பதாக மாற்றினார். பிறகு பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதி என்று வரிசையாகச் சபையில் வெல்கிறாள். பத்துச் சருக்கம், 894 பாடல். பெயர், ஊர், வாய்வன்மை மூன்றையும் வைத்துக்கொண்டு நோக்கத்தை மட்டும் திருப்பினார். நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர் எதிர்: பழிவாங்கும் நோக்கத்தை வைத்துக்கொண்டு வாதத்தைப் பிடுங்கிவிட்டு நகமும் பல்லும் கொடுப்போம். வெள்ளைச் சேலை மோகினிதான் மிஞ்சுவாள்.

ஒரு எச்சரிக்கை. நெல்லையிலும் குமரியிலும் நீலி கதை இசக்கியம்மன் வழிபாட்டோடு கலந்து கிடக்கிறது; கொடை நடக்கிறது, வில்லுப்பாட்டில் பாடுகிறார்கள். உயிருள்ள கோயிலின் பெயரைக் கதைக்குள் கொண்டுவந்து அவளை ஹீரோ வெட்டிச் சாய்க்கிற மாதிரி எழுதுவது நல்ல யோசனை அல்ல. ஊரையும் பெயரையும் புதிதாக்கிக்கொள்ளலாம். எழுபது என்ற எண்ணை வைத்துக்கொண்டு சாதிப் பெயரை விட்டுவிடலாம்.

சூரர மகளிர்

இவர்களுக்குத் தனிப்பெயர் இல்லை, பழி இல்லை, கதையும் இல்லை. திருமுருகாற்றுப்படையின் மலைச்சோலையில் கூட்டமாக ஆடுகிறார்கள். சந்தனக் குழம்பைப் பூசி, வேங்கைப் பூந்தாதை அப்பி, விளாவின் இளந்தளிரைக் கிள்ளித் தெறிக்கிறார்கள். அடுத்த சில வரிகளிலேயே காதில் கூகையும் பாம்பும் தொங்கத் துணங்கை ஆடும் பேய்மகள் வந்துவிடுகிறாள். அழகையும் அச்சத்தையும் இவ்வளவு பக்கத்தில் வைத்தது பெரிய காரியம்.

இங்கே கட்டை நாமேதான் உண்டாக்க வேண்டும். பாடலிலேயே அதற்குத் துப்பு இருக்கிறது. அவர்கள் உடை ‘கோபத்தன்ன தோயாப் பூந்துகில்’: மழைக்காலத்துத் தம்பலப்பூச்சியின் சிவப்பு, ஆனால் சாயத்தில் தோய்த்ததல்ல. வனப்பும் ‘கைபுனைந்து இயற்றா’ வனப்பு. ஆக, மனிதக் கைபட்டுச் செய்த பொருள் அவர்கள் மேல் தங்காது என்று ஒரு விதி வகுக்கலாம். ஆனால் அதே பாடல் நாவலோடு பெயர்பெற்ற பொன்னால் செய்த நகையையும் அவர்களுக்குப் பூட்டுகிறது. அந்த நகையைச் செய்தது யார்? ஒரு பாகமே அதில் கிடைக்கும். முழுத் தொடரையும் இவர்கள் மேல் ஏற்றினால் கதை நகராது. நீலி நடமாடும் உலகின் மலைவாசிகளாக வைத்தால் பொருந்துவார்கள்.

மூவரையும் ஒரே உலகில் கொட்ட ஆசை வரும். செல்கியைத் தாமிரபரணிக்குக் கொண்டுவரக் கூடாது. சீல் இல்லாத நீரில் தோல் வெறும் மந்திரப் பொருளாகிவிடும். வடக்குக் கடலோரக் கதையையும் நம்மூர்க் கதையையும் இணைக்க நேர்மையான கண்ணி ஒன்று உண்டு, அது இரும்பு. அங்கே தொட்டிலில் இரும்பு வைத்தார்கள், இங்கே பிள்ளை பெற்றவள் பக்கத்தில் வைத்தார்கள். அதை எடுப்பவர் முதல் அத்தியாயத்துக்கு முன்பே சிலவற்றுக்கு விடை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: கத்தி உப்புக்காற்றில் துருப்பிடித்தால் காவல் குறையுமா, பிடியை மாற்றினால் அது அதே கத்தியா, அடகு வைத்தால் காவல் யாருக்கு, உருக்கி இரண்டு கத்தியாக அடித்தால் இரண்டு பேரைக் காக்குமா.