79 வயசுல ப்ளாடர் கேன்சர்: பிசிஜியா, கீமோவா? நாங்க ஏன் பிசிஜி பக்கம் போனோம்

அப்பாவுக்கு யூரின்ல ரத்தம் வந்து, ஸ்கோப் போட்டு கட்டியை சுரண்டி எடுத்தாங்க. ரிப்போர்ட்ல ஹை கிரேட் (வீரியமான ரகம்), டி1 (மேல் தோலைத் தாண்டி கொஞ்சம் இறங்கின கட்டம்). தசைக்குள்ள இறங்கல, ஆனா திரும்பத் திரும்ப வர்ற ரகம். அடுத்து மூணு வழி சொன்னாங்க: சிறுநீர்ப் பைக்குள்ள பிசிஜி ஊத்தறது, கீமோ மருந்து ஊத்தறது, இல்லேன்னா பையையே எடுத்துடறது.

கடைசி வழியை சட்டுனு முடிச்சிடறேன். கேன்சரை விரட்ட அதுதான் பலமானது, ஆனா ரொம்ப பெரிய ஆபரேஷன், அப்பாவுக்கு ஏற்கனவே ஹார்ட்ல ஸ்டென்ட் இருக்கு. மத்தது பலிக்கலேன்னா அப்போ யோசிப்போம்னு தள்ளி வச்சோம்.

வீட்ல எல்லாரும் கேட்ட கேள்வி, இந்த வயசுல இம்யூனோதெரபி, அதாவது எதிர்ப்பு சக்தியை வச்சு கேன்சரை அடிக்கற பிசிஜி வைத்தியம், எடுபடுமாங்கறது. நியாயமான சந்தேகம்தான். பிசிஜி நேரா கேன்சரைக் கொல்றதில்ல, டிபி தடுப்பூசில இருக்கற அதே பலவீனமான கிருமியை உயிரோட பைக்குள்ள விட்டு, நம்ம எதிர்ப்பு சக்தியை உசுப்பி விடறாங்க, அந்த சக்தியே வயசாக ஆக மந்தமாயிடுதுல்ல. 2006-ல வந்த ஒரு ஆய்வுல பிசிஜியும், எதிர்ப்பு சக்தியைத் தூண்டற இன்டர்ஃபெரான்ங்கற இன்னொரு மருந்தும் சேர்த்துக் கொடுத்தப்போ, 61-70 வயசுக்காரங்கள்ல 61 சதவீதம் பேருக்கு ரெண்டு வருஷத்துல கேன்சர் திரும்பல, 80 தாண்டினவங்கள்ல அது 39 தான். இதைப் படிச்சிட்டு நான் ஒரு ராத்திரி தூங்கல.

ஆனா அந்த ஒப்பீடு வயசானவரை இளையவரோட வச்சுப் பாக்கறது, எங்களுக்கு வேண்டியது அதில்ல, இதே வயசானவருக்கு பிசிஜியா கீமோவாங்கறது. அதுக்கு ஐரோப்பாவுல நடந்த பெரிய ட்ரையலோட அலசல் 2014-ல வந்திருக்கு. 70 தாண்டினவங்களுக்கு பிசிஜி கொஞ்சம் மங்குது, ஆனாலும் அதே வயசுல எபிரூபிசின்ங்கற கீமோவை விட பிசிஜிதான் மேல. என் மனசு அங்கதான் சாஞ்சது.

கீமோவுக்கு ஒரு நல்ல பேரு உண்டு, உயிருள்ள கிருமி இல்லாததால பிசிஜி கிருமி ரத்தத்துல கலந்துடற பயம் கிடையாது. மைட்டோமைசின், ஜெம்சிடபின் போட்டு பின்னாலயே டோசிடாக்செல்னு வகை வகையா இருக்கு. நாங்க எதையும் போட்டுப் பாக்கல, அதனால தாங்கறது எப்படின்னு அனுபவமா சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல. ஸ்டீராய்டு மாதிரி எதிர்ப்பு சக்தியை அடக்கற மாத்திரை எடுக்கறவங்களா இருந்தா நானே இந்தப் பக்கம்தான் சாய்ஞ்சிருப்பேன்.

முடிவு பண்ண வேண்டிய விஷயம் உண்மையில வேற, கடைசி வரைக்கும் போட முடியுமாங்கறதுதான். முதல்ல வாரம் ஒண்ணா 6, அப்புறம் 3, 6, 12-ஆவது மாசம், அதுக்கப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவைன்னு 36-ஆவது மாசம் வரைக்கும், ஒவ்வொரு தடவையும் வாரம் ஒண்ணா மூணு, மொத்தம் 27. இந்த அட்டவணையைக் கொண்டு வந்த ட்ரையல்லயே முழுசா போட்டு முடிச்சது 16 சதவீதம் பேர்தான், அது எல்லா வயசும் சேர்த்து! வயசானவங்களுக்கு ப்ராஸ்டேட் வீங்கியிருக்கும், மருந்து ஊத்த யூரின் போற வழியா விடற டியூப் நுழையறப்போ ரத்தம் வந்தா அன்னிக்கு மருந்து கிடையாது, யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தாலும் தள்ளிப் போகும். உள்ள போன மருந்தை ரெண்டு மணி நேரம் அடக்கணும், அப்பா முதல் தடவை நாப்பது நிமிஷத்துல ஓடிட்டாரு. அப்புறம்தான் புரிஞ்சது, காலையில போடற நீர் போற மாத்திரைதான் வில்லன். டாக்டர்கிட்ட கேட்டு, மருந்து ஊத்தற அன்னிக்கு மட்டும் அதை சாயங்காலத்துக்கு மாத்தினோம், தண்ணியையும் முன்னாடியே குறைச்சாரு, அடுத்த வாரத்துல இருந்து ஒன்றரை மணி நேரம் தாண்டிச்சு. எதிர்ப்பு சக்தி மந்தமாச்சோ இல்லையோ, மருந்து உள்ள தங்கலேன்னா அது எங்க வேலை செய்யும்?

எரிச்சல், ரெண்டு நாள் அசதி, ஒரு தடவை லேசா காய்ச்சல், இவ்வளவுதான் எங்க பட்டியல். காய்ச்சல் அதிகமா ஏறினாலோ இறங்காம நின்னாலோ காத்திருக்காம ஓடணும்னு முதல் நாளே சொல்லிட்டாங்க.

12-ஆவது மாச மூணும் ஆச்சு, ஸ்கோப்ல இதுவரைக்கும் சுத்தம். அடுத்தது 18-ஆவது மாசம். தொடரலாமாப்பான்னு கேட்டா, "டியூப் போடற நர்ஸ் அந்தப் பழைய பொண்ணுதானா, அதைக் கேட்டு சொல்லு முதல்ல"ங்கறாரு.