கோவை - சென்னை: பிளைட்டா, வந்தே பாரத்தா?

போன மாதம் சென்னை வேப்பேரியில் அக்கா வீட்டு விசேஷம். போகும்போது பிளைட், திரும்பும்போது வந்தே பாரத். ஒரே வாரத்தில் இரண்டையும் பார்த்தாகிவிட்டது, இனி என் ஓட்டு ரயிலுக்குத்தான்.

கோவை விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர். தண்டவாளத்தில் 500-ஐ நெருங்கும். டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். அதிலும் வானத்தில் இருப்பது ஐம்பது நிமிடம்போலத்தான், மிச்சமெல்லாம் ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும் இறங்கிய பிறகு ஊர்ந்து வருவதும். வந்தே பாரத்துக்கு 5 மணி 50 நிமிடம். கட்டணம் எது குறைவு என்று சொல்லத் தேவையில்லை, பிளைட்டில் பெட்டிக்கு 15 கிலோ கணக்கு வேறு.

ஆனால் வீட்டுப் படி இறங்கியதிலிருந்து அக்கா வீட்டுப் படி ஏறும் வரை எண்ணிப் பாருங்கள். ஆர்.எஸ்.புரத்திலிருந்து அவினாசி ரோட்டில் ஏர்போர்ட் போக 40 நிமிடம். பெட்டி போடும் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் ஒன்றரை மணி நேரம் முன்னால் போய் நின்றேன். அப்புறம் ஒன்றேகால் மணி பயணம், பெட்டி வர அரை மணி, சென்ட்ரல் வரை மெட்ரோ, அங்கிருந்து ஆட்டோ. ஆக மொத்தம் 5 மணி நேரம்! திரும்பும்போது வேப்பேரியிலிருந்து சென்ட்ரல் பத்தே நிமிடம், 2.25-க்கு வண்டி, இரவு 8.15-க்குக் கோவை. எல்லாம் சேர்த்து ஆறே முக்கால் மணி நேரம் ஆனது. மிச்சம் பிடித்த அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்துக்காக ஒன்பது வரிசையில் நிற்க எனக்குப் பொறுமை இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் எந்த மூலையில் இருக்கிறீர்கள், எந்த மூலைக்குப் போகிறீர்கள். சென்ட்ரல் நகரத்தின் வடக்கே, மீனம்பாக்கம் தெற்கே. கோவை ஏர்போர்ட் பக்கத்துக் காளப்பட்டியில் வீடு, மீனம்பாக்கம் பக்கத்துப் பல்லாவரத்தில் வேலை என்றால் என் கணக்கு அப்படியே தலைகீழ், கண்ணை மூடிக்கொண்டு பிளைட் போடுங்கள். திருப்பூர்க்காரர்கள் பிளைட் பிடிக்க முதலில் மேற்கே கோவைப் பக்கம் வர வேண்டும், பிறகு கிழக்கே பறக்க வேண்டும். வந்தே பாரத்தோ அவர்கள் ஊரிலேயே நிற்கிறது, ஈரோட்டிலும் சேலத்திலும்கூட.

ரயிலுக்கும் ஒரு குறை உண்டு. காலை 6 மணிக்குக் கோவையில் ஏறினால் சென்ட்ரல் சேர 11.50. அதே வண்டி 2.25-க்குத் திரும்பிவிடும், இடையில் ஒரு சாப்பாடு சாப்பிடலாம், அவ்வளவுதான். காலை பத்து மணி மீட்டிங்குக்கு இது ஆகாது. முந்தைய இரவே சேரன் எக்ஸ்பிரஸிலோ நீலகிரி எக்ஸ்பிரஸிலோ படுத்துக்கொண்டு போக வேண்டும், இல்லை பிளைட்தான். கைக்குழந்தையோடு நான் இரண்டிலும் போனதில்லை, அதை அனுபவப்பட்டவர்கள் சொல்லட்டும்.

அடுத்த மாதம் தாம்பரத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது. அதற்கு மட்டும் பிளைட் போட்டுவிட்டேன்.