குதிரைக்கு மசில் பவுடர்: ரெண்டு ஸ்டார், அதுல ஒண்ணு டப்பாவுக்கு

ரெண்டு மாசம் முழுசா குடுத்துப் பாத்துட்டுத்தான் எழுதுதேன். வயசான குதிரைக்குன்னு ஆன்லைன்ல விக்கிற பவுடர், 3 கிலோ டப்பா 1850 ரூவா, பேரு வேண்டாம்.

எங்க ராணிக்கு 22 வயசு. அப்பா அந்தியூர் ஆடிச் சந்தையில வாங்கிட்டு வந்தது, சேரன்மகாதேவி பக்கத்துல எத்தனையோ மாப்பிள்ளைங்க இவ முதுகுலதான் ஊர்வலம் போயிருக்காவ. போன வருசத்துலேருந்து முதுகெலும்பு துருத்திக்கிட்டு, பின்னாடி சதை வத்தி, ஆனா வயிறு மட்டும் தொங்குது. வயசாயிட்டுல்லா அப்படித்தான்னு எல்லாரும் சொன்னாவ, நானும் நம்பி பவுடரை வாங்கிட்டேன்.

வாசம் நல்லாருக்கு, தவிட்டுல போட்டா நக்கி எடுத்துருவா, அதுக்கு ஒரு ஸ்டார். டப்பா நல்ல கெட்டி, அதுக்கு ஒண்ணு.

எடைதான் ஏறல. நெஞ்சுச் சுத்தளவை அதாலயே பெருக்கி, உடம்பு நீளத்தாலயும் பெருக்கி 11880ஆல வகுத்தா கிலோ வரும் (அளவு செமீல இருக்கணும்). ஆரம்பத்துல 221, ரெண்டு மாசம் கழிச்சு 218. அப்புறந்தான் லேபிளைப் படிச்சேன், புத்தி கெட்டவன். 20 சதவீதம் புரோட்டீன், நாளைக்கு 50 கிராம் ஸ்பூன், ஆக 10 கிராம். இந்த எடைக்கு ஒரு நாளைக்கு 280 கிராம் கிட்ட வேணும். அரைக்கிலோ கொள்ளுலயே 100 கிராமுக்கு மேல இருக்கே!

நெசமான கோளாறு வேற. தொட்டிக்குக் கீழ பாதி மென்னு துப்புன புல் உருண்டை உருண்டையா கெடந்துச்சு, லத்தியில நீள நீளமா நாரு. குட்டியானை வண்டி பிடிச்சு ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டு போனோம். மயக்க ஊசி போட்டு, வாயில இரும்பு மாட்டித் தெறந்து டார்ச் அடிச்சா, மேல் கடைவாய்ப் பல்லு வெளிப்பக்கம் கூரா வளந்து கன்னத்துல புண்ணு, பின்னாடி ஒரு பல்லைக் காணோம். குதிரைப் பல்லு வருசத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வெளிய வந்து தேஞ்சுக்கிட்டே இருக்குமாம், வயசானா ஸ்டாக் தீந்துரும். நீள அரம் வச்சு ராவி விட்டாங்க. வெயில் காலத்துல முடி உதிருதா, தண்ணி ரொம்பக் குடிக்காளான்னும் கேட்டாங்க, முடி உதிராம சடையா நின்னா ஹார்மோன் கோளாறாம், ரத்தம் பாத்து பெர்கோலைடு மாத்திரை குடுக்கணுமாம். இவளுக்கு அது இல்ல.

இப்ப கொள்ளை வேக வச்சு மசிச்சு, சோயா புண்ணாக்கு கொஞ்சம், குதிரைமசால் தீவனத்தைப் பொடுசா நறுக்கி ஊறப் போட்டு, நாளைக்கு நாலு வேளையா பிரிச்சுக் குடுக்கோம். இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குத்தான் கொள்ளுன்னு ஆச்சி கேலி பண்ணுதா. ஒன்றரை மாசத்துல 230 கிலோ. முதுகுல சதை இன்னும் பிடிக்கல, அதுக்கு நடக்க வைக்கணும், காலையில ஆத்தங்கரை வரைக்கும் மெதுவா கூட்டிட்டுப் போறேன்.

விக்கிறவன்ட்ட கேட்டதுக்கு இன்னும் ரெண்டு டப்பா குடுத்துப் பாருங்க சார்ங்கான். ஒரு டப்பாவே போதும்டே, கொள்ளு போட்டு வச்சிருக்கோம்.