முதல் பிஸ்டல்: மொரினியா, ஸ்டேயரா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அக்கா மகள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடும் விளையாட்டைப் பழகத் தொடங்கி ஒரு வருடமாகிறது. இரவல் பிஸ்டல் போதாமல் போய், இப்போது சொந்தமாக ஒன்று தேடுகிறோம். எங்கள் முன்னால் இருப்பவை இரண்டு: சுவிட்சர்லாந்தின் மொரினி சிஎம் 162இஐ, ஆஸ்திரியாவின் ஸ்டேயர் எவோ 10. இரண்டிலும் குண்டு 4.5 மி.மீ., இரண்டிலும் குண்டைத் தள்ளுவது அழுத்தப்பட்ட காற்று. துல்லியத்தில் புதியவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் ட்ரிகரில்தான். மொரினியில் அது எலக்ட்ரானிக். காய்ந்த ஈர்க்குச்சி ஒடிவதுபோல டக்கென்று விடும். வீட்டுச் சுவரைப் பார்த்து, குண்டில்லாமல் நூறு முறை அழுத்திப் பழகுவதற்கு அதைவிட வசதி இல்லை. பேட்டரி தீர்ந்தால் அதோடு சரி, கிட்பேக்கில் ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். ஸ்டேயரில் எல்லாமே இயந்திரம். வெற்றுப் பயிற்சியில் ஒவ்வொரு முறையும் ட்ரிகரைக் கையால் ஏற்ற வேண்டும், பிள்ளைகளுக்குச் சலிப்பு வந்துவிடும். ஆனால் உள்ளே நகரும் சிறு எடை ஒன்று உதறலை வாங்கிக்கொள்கிறது; சுட்ட பிறகும் முனை அசையாமல் நிற்பதைப் பார்க்க ஆசையாக இருக்கும்.

காற்றை அடைத்துவைக்கும் சிலிண்டரின் அழுத்தம் இரண்டிலும் 200 பார். சிலிண்டரின் உற்பத்தித் தேதியைப் பார்க்காமல் பழசு வாங்காதீர்கள், அதன் ஆயுள் பத்து வருடம்தான். நம் ஊர் உப்புக்காற்றுக்கு இரண்டையும் தினமும் துடைத்தாக வேண்டும்.

கைப்பிடி அளவு சரியில்லையென்றால் எந்த பிராண்டும் வீண். அவளுடையது சின்னக் கை. ஸ்மால் கைப்பிடியோடு மொரினி கிடைத்தால் அதையே எடுப்போம்.