பழைய கடைவீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பா, சிமெண்டா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற டவுன்களில் பழைய கடைவீடு வைத்திருப்பவர்கள், சுவர் பொரிந்ததும் கேட்கும் கேள்வி இது. 1881-இல் கோலாலம்பூர் எரிந்தது. 1884 முதல் அங்கே அத்தாப்பு ஓலைக்குப் பதில் செங்கல்லும் ஓடும் வந்தன. நம் டவுன்களிலும் அஞ்சடி, அதாவது கடைக்கு முன்னால் கூரையுள்ள நடைபாதை, வைத்த அதே மாதிரிக் கடைவரிசைதான். பூச்சு பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை.

செலவு: சிமெண்ட் மலிவு. சுண்ணாம்புக்குக் கூலியும் கூடும், நாளும் கூடும்.

வேலை: சிமெண்ட் பூச எந்தக் கொத்தனாரும் வருவார். சுண்ணாம்பை மெல்லிசாக அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வொன்றும் இறுக விடவேண்டும். கைப்பழக்கம் உள்ளவரைத் தேடிப் பிடிப்பதே பாடு.

ஆயுள்: இங்கேதான் விஷயமே இருக்கிறது. பழைய சுவர்கள் பலவற்றில் ஈரத்தடுப்பு கிடையாது. தரை ஈரம் மேலே ஏறும். சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அடைத்துவிடும், உப்பு பூத்து உள்ளே செங்கல் உதிரும். அஞ்சடித் தூணின் அடியில் உப்பிய சிமெண்டைத் தட்டிப் பாருங்கள், செம்பொடி கொட்டும். மனசு தாங்காது.

பழைய செங்கல் சுவர் என்றால் சுண்ணாம்புதான், செலவைப் பார்க்காதீர்கள். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள். பின்கட்டில் புதிதாக எழுப்பிய குளியலறை, அடுப்படிக்குச் சிமெண்ட் போதும்.