சென்னையில் ஹீட்டர் கிரிப் மாட்டிய கதை

வண்டியின் கைப்பிடிக்கு ஹீட்டர் மாட்ட வேண்டும் என்று சென்னையில் சொன்னால் முதலில் வருகிற கேள்வி, "இந்த ஊரிலா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் என் தம்பி பொங்கல் விடுமுறைக்கு நண்பர்களோடு ஊட்டிக்குப் போகிறான். ஜனவரி விடியற்காலையில் தலைகுந்தா பக்கம் புல்வெளியெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிபடத் தாமதமாகும். மலையிறக்கத்தில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிளாஸ்கோவில் குளிர்காலத்திலும் வண்டி ஓட்டுகிறவன் என்பதால் எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். அங்கிருந்தே ஒரு ஜோடி வாங்கி வந்திருந்தேன்.

வண்டிக்கு இன்னும் வாரண்டி இருக்கிறது. எனவே முறைப்படி சர்வீஸ் சென்டருக்குத்தான் முதலில் போனோம். ஏசி, சோபா, காபி இயந்திரம், டோக்கன் எல்லாம் இருந்தன. மதியம் வரை உட்கார வைத்துவிட்டு, "வயரைத் தொட்டால் வாரண்டி போய்விடும் சார்" என்றார் கவுன்டரில் இருந்தவர். எந்த வயர், எந்த விதி, எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். மேனேஜர் மீட்டிங்கில் இருப்பதாகப் பதில் வந்தது. கிளாஸ்கோவிலும் முடியாது என்று சொல்வார்கள். ஆனால் போனிலேயே சொல்லிவிடுவார்கள், காரணத்தையும் சொல்வார்கள். மறுக்கக் கற்றுக்கொண்டவர்கள் விளக்கவும் கற்றுக்கொண்டிருக்கக் கூடாதா? அன்று முழுக்க எனக்குக் கோபம் அடங்கவே இல்லை.

பிறகு என்ன, புதுப்பேட்டைதான். அப்பாவின் ஸ்கூட்டருக்கு எது வேண்டுமானாலும் அங்கேதான் போவோம். இப்போதும் அதே குறுகலான தெருக்கள், அதே கிரீஸ் வாசனை. வயரிங் வேலைக்கு ஒரு பாயைக் கைகாட்டினார்கள். 10 மணிக்கு வரச் சொன்னவர் 11:30க்குத்தான் ஷட்டரைத் தூக்கினார். அதற்குப் பிறகும் டீ வந்துதான் வேலை தொடங்கியது. அதுவரை நான் பொருமிக்கொண்டிருந்தேன் என்பது உண்மை.

வேலை தொடங்கியதும் வாயடைத்துப் போனேன். ஆக்சிலேட்டர் பக்கத்துக் குழாய் பிளாஸ்டிக். பழைய ரப்பரைப் பிடித்துக்கொள்ள அதன்மேல் நீளவாக்கில் மேடுகள் இருந்தன. அவற்றைச் சீவாமல் புது கிரிப் ஏறாது. பாய் ஒரு சின்ன அரத்தை எடுத்தார். நாலு இழுப்பு இழுப்பார், ஊதுவார், கட்டைவிரலால் தடவுவார், கிரிப்பை நுழைத்துப் பார்ப்பார், மறுபடியும் இழுப்பார். பிளாஸ்டிக் தூள் அவர் முழங்கை வரை ஒட்டியிருந்தது. குழாய் மெலிந்துவிட்டால் கிரிப் கையோடு சுற்றிவிடும் என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே செய்தார்.

அதைவிட முக்கியம் வயர். ஆக்சிலேட்டரைத் திருகும்போது வலப்பக்க கிரிப்பின் வயரும் கூடவே திரும்பும். அது இழுத்துப் பிடித்தால் ஆக்சிலேட்டர் திரும்பாமல் நின்றுவிடக்கூடும், உயிருக்கே ஆபத்து. பாய் வயரில் ஒரு வளையம் தளர விட்டுக் கட்டினார். ஹேண்டில்பாரை இடக்கோடிக்குத் திருப்பி ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டார். அது 'டப்' என்று திரும்பியது. வலக்கோடியிலும் அப்படியே. மனம் ஒப்பவில்லை போலிருக்கிறது, கட்டை அறுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். கிளாஸ்கோவில் என் வண்டிக்கு மணிக்கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு மாட்டிய கடையில் இதைச் செய்யவில்லை. ஒரே குளிர்காலத்தில் அந்த வயர் உரசி நைந்துபோனது.

மின்சாரத்தைத் தானாக இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலே வேண்டும் என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் அதை எடுத்து வைத்துவிட்டார். பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேவுக்கு மின்சாரம். சாவி போட்டால் மட்டும் ரிலே இணைக்கும்படி டெயில் லேம்ப் வயரிலிருந்து ஒரு கிளை. ஹீட்டர் இழுப்பது 36 வாட், அதாவது 12 வோல்ட்டில் 3 ஆம்பியர். நேராகப் பேட்டரியில் கொடுத்துவிட்டு அணைக்க மறந்தால், காலையில் வண்டி எழுந்திருக்காது. இடது கைப்பிடி கொஞ்சம் மெதுவாகத்தான் சூடேறும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் கிரிப் நேராக இரும்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது, சூட்டை இரும்பு உறிஞ்சிக்கொள்ளும். வலப்பக்கம் பிளாஸ்டிக் இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு.

கிளாஸ்கோவில் அரை மணி நேரக் கூலிக்குக்கூட வராத தொகையை வாங்கிக்கொண்டார். பில் கிடையாது. ஆனால் ரிலே வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, எந்த நிற வயர் எங்கே போகிறது, ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று பால்பாயின்ட் பேனாவால் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு சீட்டுக்கு அடியில் சொருகினார். "மலையில் ஏதாவது ஆனால் அங்கே இருக்கிற மெக்கானிக்குத் தெரிய வேண்டாமா?" என்றார்.

சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்ட பதில் நான் விமானம் ஏறும்வரை வரவில்லை.