பீப் அடித்த ஸ்விட்ச், ஏறாத கண்ணாடி

பதினான்கு வருடமாக ஒரே கார். அதன் பவர் விண்டோ ஸ்விட்சை (கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பட்டன்) மட்டும் மூன்று முறை கழற்றியிருக்கிறேன். முதல் முறை நான் பட்டதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

டிரைவர் பக்கக் கண்ணாடி இறங்கியது, ஏறவில்லை. ஃபியூஸ் போயிருந்தால் இறங்கியும் இருக்காது, அதனால் அதைத் தொடவில்லை. ஸ்விட்சைக் கழற்றி மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் (மின்பாதை அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து, ஏற்றும் பக்கம் அழுத்தினேன். பீப். சரி, மோட்டார்தான் போச்சு என்று முடிவு கட்டி, புது மோட்டார் வாங்கி, கதவின் உள்பலகையைப் பிரித்து, இரண்டு கிளிப்பை உடைத்து மாட்டினேன். அதுவும் கண்ணாடியை இறக்கியது, ஏற்றவில்லை!

கொஞ்சம் யோசித்திருக்கலாம். அந்த மோட்டாருக்கு இரண்டே ஒயர். ஸ்விட்ச் பிளஸ்ஸையும் எர்த்தையும் (மைனஸ்) இடம் மாற்றிக் கொடுப்பதால்தான் அது திசை மாறிச் சுற்றுகிறது. ஒரு திசையில் நன்றாக ஓடுவது மறு திசையில் அசையவே இல்லை என்றால் முதல் சந்தேகம் ஸ்விட்ச் மேல்தான் வர வேண்டும். (ஏற்றுவது கனம்தான். ஆனாலும் முக்கலாவது கேட்டிருக்கும்.)

கண்டினியூட்டி பார்க்கும்போது மீட்டர் விடும் மின்சாரம் மிகமிகக் குறைவு. மோட்டார் கேட்பதோ பல ஆம்பியர். ஸ்விட்சுக்குள் ஒன்றையொன்று தொடும் உலோக முனைதான் கான்டாக்ட்; அது கருகினால் சொட்டை விடும், பாய்ச்சலை விடாது.

இப்போதெல்லாம் ஸ்விட்சில் ஒயர்கள் மாட்டியிருக்கும் கனெக்டரைக் கழற்றுவதில்லை. இக்னிஷனை ஆன் செய்து, மீட்டர் முனையை அதன் பின்பக்கமாகச் செருகி, ஸ்விட்சை அழுத்தியபடியே வோல்டேஜ் பார்க்கிறேன். அந்த முதல் முறை, புது மோட்டாரும் ஏற்றாத பிறகு இப்படிப் பார்த்தபோது, ஸ்விட்சுக்குள் வந்தது 12.3 வோல்ட், மோட்டாருக்குப் போனது மிகக் கொஞ்சம். மீதியை ஸ்விட்சே விழுங்கிவிட்டது. எர்த் பக்கத்தையும் இப்படியே பார்க்க வேண்டும். பல கார்களில் பயணி பக்க ஸ்விட்சின் எர்த், டிரைவர் கதவில் உள்ள மாஸ்டர் ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அந்த ஸ்விட்சைத் திறந்து கரியைச் சுரண்டி, கான்டாக்ட் கிளீனர் அடித்தேன். ஒன்றரை வருடம் ஓடியது. மறுபடி சுத்தம் செய்தேன், ஆறே மாதம். மூன்றாம் முறை புதுசு போட்டேன். ஆனால் அதற்கு முன், ஏன் கருகுகிறது என்று பார்த்தேன். கண்ணாடி ஓடும் ரப்பர் காய்ந்து இறுகியிருந்தது. கண்ணாடி திணறினால் மோட்டார் அதிகம் இழுக்கும், அந்தச் சூடு கான்டாக்டில் இறங்கும். ரப்பரைத் துடைத்து சிலிக்கான் ஸ்பிரே அடித்த பிறகு, ஒன்பது விநாடியில் ஏறிய கண்ணாடி ஐந்தில் ஏறியது. நான்கு வருடமாக அதே ஸ்விட்ச்தான்.

அன்று கழற்றிப் போட்ட பழைய மோட்டார் இன்னும் பெட்டியில் கிடக்கிறது. பேட்டரியில் நேராகக் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஜம்மென்று சுற்றுகிறது.